தரங்கம்பாடிக்குக் கப்பல் விட்ட நகரம்

பினாங்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் லண்டன், பாரிஸ், ரோம் என்ற வரிசையையே தேர்ந்தெடுக்கிறார்கள். டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனுக்கென்றே பயணச்சீட்டு எடுப்பவர்கள் மிகக் குறைவு. நாங்கள் அங்கே போக விரும்பியதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தது. என் தாத்தா பொறையாருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்து சேர்ந்தவர். பொறையாரிலிருந்து தரங்கம்பாடி நடந்து போகிற தொலைவில்தான் இருக்கிறது. அந்தத் தரங்கம்பாடி, இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் கைக்குப் போனதைத் தவிர, 1620 முதல் 1845 வரை டேனியர்களின் வசம் இருந்தது. கடலோரத்தில் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கோட்டையைக் கட்ட ஆள் அனுப்பிய ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக மனத்தில் இருந்தது. மகள் மேற்படிப்பை முடித்து வேலையில் சேர்வதற்கு முன் கிடைத்த இடைவெளியில், துணைவியாரையும் அவளையும் அழைத்துக்கொண்டு ஜூன் மாதத்தில் புறப்பட்டேன்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்போர் 90 நாள் வரை விசா இல்லாமலேயே டென்மார்க் உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளில் தங்கலாம் என்பதால் ஆயத்த வேலைகள் அதிகமில்லை. கோலாலம்பூர் சென்று, வளைகுடா நகரமொன்றில் விமானம் மாறிப் போனோம். விமானம் தாழப் பறக்கும்போது கடலுக்குள் வில்லாக வளைந்த ஒரே வரிசையில் காற்றாலைகள் நிற்பது தெரிகிறது. மிடில்குருண்டன் என்ற அந்த இடத்தில் 20 காற்றாலைகள் 2000ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் தந்துகொண்டிருக்கின்றன. விமான நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு மெட்ரோ ரயிலில் கால் மணி நேரம்தான். ரயிலில் ஓட்டுநர் இல்லை. கோலாலம்பூரின் கிளானா ஜெயா ரயில் தடத்தில் போய்ப் பழகிய நமக்கு அது புதிதல்ல. ஆனால் அந்த ரயில் இரவு முழுவதும், 24 மணி நேரமும் ஓடுகிறது என்பது புதிது. ஜூனில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிறது, விடிவதோ நாலரைக்கு முன்பே. குறுகிய பயணமாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. அருங்காட்சியகங்கள் மூடிய பிறகும் ஐந்து மணி நேரம் வெளிச்சத்தில் நடக்கலாம்.

முதல் நாள் மாலை எல்லாரையும் போல நாங்களும் நியூஹவுன் கால்வாய்க் கரைக்குத்தான் போனோம். பதினேழாம் நூற்றாண்டில் ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் வெட்டுவித்த கால்வாய் அது. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வண்ணம் பூசிய வீடுகளில் மிகப் பழையதான 9ஆம் எண் வீடு 1681இல் கட்டப்பட்டது. கதைகளால் உலகெங்கும் அறியப்பட்ட ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் அந்தக் கரையில் மூன்று வீடுகளில் வெவ்வேறு காலத்தில் குடியிருந்தார். படம் எடுக்க அழகான இடம். ஆனால் கூட்டம் அதிகம், உணவகங்களில் விலையும் அதிகம். அரை மணி நேரம் போதும் என்பது என் கருத்து.

நான் சொல்ல விரும்புவது அந்தக் கால்வாயின் மறுமுனையில் தொடங்குகிறது. கால்வாய் துறைமுகத்தோடு சேரும் இடத்தில் 2016இல் திறக்கப்பட்ட ஒரு பாலம் இருக்கிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டுமே உரியது. அதைக் கடந்தால் கிறிஸ்தியான்ஸ்ஹவுன் பகுதி. அங்கே தண்ணீரை ஒட்டியிருக்கும் சதுக்கத்துக்கு ஆசியச் சதுக்கம் என்று பெயர். இன்று டென்மார்க்கின் வெளியுறவு அமைச்சு அங்கே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிய ஆசியக் கம்பெனியின் தலைமையகமும் கிடங்குகளும் இருந்தன. தரங்கம்பாடிக்கும் சீனத்தின் கான்டனுக்கும் போய்வந்த கப்பல்கள் இந்தக் கரையில்தான் சரக்கு இறக்கின. சோழ மண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியும், மிளகும், கான்டனிலிருந்து தேயிலையும் பீங்கானும் வந்து குவிந்த இடம் அது. சுற்றுலாப் பயணிகள் யாரும் இல்லை. கிடங்கின் சுவர் கனமாக, சன்னல்கள் சிறிதாக, ஒரே அளவில் அடுக்கடுக்காக இருக்கின்றன, அலங்காரம் எதுவுமில்லை. பாவு கல்லின் மேல் நின்று அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து நெசவாளர்களின் உழைப்பு மூட்டையாக உள்ளே போன வழி இதுதான் என்று மகளிடம் காட்டினேன். அவளும் தன் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, தரங்கம்பாடியிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி அங்கே வரை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

இந்தக் கதை தொடங்கியது ஆசியக் கம்பெனிக்கு முன்பே. நான்காம் கிறிஸ்தியான் மன்னர் 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி அளித்தார். 1618இல் ஓவே ஜெட்டே என்ற இளம் அதிகாரியின் தலைமையில் கப்பல்கள் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டன. இலங்கையில் காலூன்றுவதே அவர்கள் நோக்கம். வழியில் நோயால் பலர் மாண்டனர், இலங்கையில் எண்ணியது கைகூடவில்லை. கடைசியில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் ஆயிற்று. மீனவர் குப்பமாக இருந்த தரங்கம்பாடி டேனியர்களுக்குக் கிடைத்தது. நாயக்கர் டேனிய மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. காப்பகம் சுற்றுலாத் தலமல்ல என்பதால் நாங்கள் அதைக் காணவில்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளாகத் தமிழ் எழுத்துகள் அந்த நாட்டின் பத்திரமான பெட்டகமொன்றில் இருந்து வருகின்றன என்ற நினைப்பே அந்த நகரத்தில் நடக்கும்போது எனக்குப் பெரும் உரிமையுணர்வைக் கொடுத்தது.

அந்த நான்காம் கிறிஸ்தியானைத்தான் கோபன்ஹேகனில் எங்கு திரும்பினாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1588 முதல் 1648 வரை ஆண்டவர். வட்டக் கோபுரத்தைக் கட்டியவர் அவர். 1642இல் முடிந்த அந்த வானாய்வுக் கோபுரத்தில் உச்சியருகே ஒரு சிறு ஏணிப்படியைத் தவிர வேறு படிக்கட்டு கிடையாது. செங்கல் பாவிய சரிவுப் பாதை ஏழரைச் சுற்றாக, 209 மீட்டர் நீளத்துக்கு மேலேறிப் போகிறது. முழங்கால் வலியுள்ள என் துணைவியார் ஓரிடத்திலும் உட்காராமல் உச்சி வரை வந்துவிட்டார். ரஷ்யப் பேரரசர் பீட்டர் 1716இல் குதிரை மேலேயே உச்சிக்கு ஏறினார் என்பதை அந்தச் சரிவைப் பார்த்தவுடன் நம்பிவிடலாம். உள்சுவர் பக்கம் செங்கல் தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது, வெளிச்சுவர் பக்கம் அவ்வளவு தேயவில்லை; பல நூறு ஆண்டுகளாக ஏறுபவர்கள் எல்லாரும் குறுக்குவழியாக உள்பக்கத்தையே பிடித்து நடந்திருக்கிறார்கள். சரிவு குறைவு வேண்டுமானால் வெளிப்பக்கமாக நடக்க வேண்டும்.

ரோசன்போர் அரண்மனையும் அவர் கட்டியதே. கீழ்த்தளத்து அறையொன்றில் அரச மணிமுடிகள் இருக்கின்றன. மேல்மாடி மண்டபத்தில் அரியணைக்கு முன்னே மூன்று வெள்ளிச் சிங்கங்கள் நிற்கின்றன. எல்லாரும் அவற்றின் முன்னால் நின்று பார்க்கிறார்கள். எனக்கு அவற்றைவிட மனத்தில் பதிந்தது, 1644இல் கடற்போரில் காயம்பட்டு ஒரு கண்ணை இழந்தபோது அந்த மன்னர் அணிந்திருந்த ஆடை. இரத்தக் கறையோடு அப்படியே வைத்திருக்கிறார்கள். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய மனிதர் அதற்குமுன் எனக்கு வெறும் பெயராகத்தான் இருந்தார். பழுப்பேறிய அந்தத் துணியைப் பார்த்த பிறகு உடலும் வலியும் உள்ள ஒருவராகத் தெரிந்தார்.

அவர் கட்டிய இன்னொரு கட்டடத்தைச் சாரம் கட்டிய நிலையில்தான் பார்க்க முடிந்தது. போர்சன் என்ற பழைய வணிக மாளிகை, நான்கு நாகங்களின் வால்கள் ஒன்றோடொன்று முறுக்கி எழுந்த கோபுரத்தால் புகழ்பெற்றது. 2024 ஏப்ரல் 16 அன்று, புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, அந்தக் கோபுரம் சரிந்து விழுந்தது. அன்று காலை ஊழியர்களோடு தெருவில் போனவர்களும் ஓடிவந்து, உள்ளே இருந்த பழைய ஓவியங்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். ஊர்ச் சொத்தைத் தம் சொத்தாக நினைப்பவர்களால்தான் அது முடியும். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைக் காப்பதற்கு நாம் படும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில், அந்தச் செய்தியை அப்போதே மிகுந்த மதிப்போடு படித்தேன். மறுகட்டுமான வேலை நடப்பதை நேரில் கண்டதில் நிறைவு.

அமாலியன்போர் அரண்மனையில் நண்பகல் பன்னிரண்டுக்குக் காவலர் மாற்றம் நடக்கிறது. பதினொன்றரை மணிக்கு ரோசன்போர் அருகிலிருந்து காவலர்கள் கரடித்தோல் தொப்பியோடு நடந்து வருவார்கள். கூட்டத்தில் முட்டி நிற்க விரும்பாதவர்கள் வழியில் ஏதாவதொரு தெரு முனையில் நின்றால் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். நான்கு மாளிகைகள் எண்கோணச் சதுக்கத்தைச் சூழ்ந்திருக்க, நடுவில் ஐந்தாம் பிரெடெரிக் மன்னர் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை. பிரெஞ்சுச் சிற்பி சாலி பல ஆண்டுகள் உழைத்துச் செய்த சிலை அது, திறக்கப்பட்டது 1771இல். அதற்குப் பணம் கொடுத்தது யார் என்று பார்த்தால் அதே ஆசியக் கம்பெனிதான். மன்னருக்கு வணிகர்கள் செலுத்திய நன்றிக்கடன். காவலர் மாற்றத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களில் அந்தக் குதிரையின் வெண்கலத்தில் தமிழ் நெசவாளியின் பங்கும் சீனத் தேயிலைத் தோட்டத்தாரின் பங்கும் கலந்திருப்பதை நினைத்தவர் எத்தனை பேர் இருப்பார்களோ! நினைக்க வேண்டிய செய்தி என்றே நான் கருதுகிறேன். நகரத்தின் அழகு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதால் அதன் அழகு குறைவதில்லை.

தேசிய அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கினோம். டென்மார்க் பிற நாடுகளில் வைத்திருந்த காலனிகளைப் பற்றி 2017இல் அங்கே ஒரு கண்காட்சி திறந்தார்கள். கரிபியன் தீவுகள், கானா கடற்கரை, கிரீன்லாந்து ஆகியவற்றோடு தரங்கம்பாடியும் அதில் இடம்பெற்றது. கரும்புத் தோட்டங்களில் டேனியர் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கொடுமையையும் அதில் பேசியிருக்கிறார்கள். இதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள்தாம் தரங்கம்பாடியில் ஆளுநர் மாளிகை உள்ளிட்ட பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதிலும் பங்கேற்றார்கள். தரங்கம்பாடியைப் பற்றிப் பேசும்போது சீகன்பால்குவை விட்டுவிட முடியாது. ஜெர்மனியில் பிறந்த அவர் 1705இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, நான்காம் பிரெடெரிக் மன்னரால் அனுப்பப்பட்டு, 1706இல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுக்கு வேண்டிய காகிதத்துக்கு ஆலை அமைத்தது பொறையாரில். தாத்தாவின் ஊருக்குப் பக்கத்தில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு காகிதம் செய்தார்கள் என்பதை நான் புத்தகங்களில் படித்திருந்தேன். அந்த வேலைக்கு உத்தரவிட்டவர்கள் நடந்த தெருக்களில் அதைத் துணைவியாருக்கும் மகளுக்கும் சொல்லும் வாய்ப்பு இப்போதுதான் கிடைத்தது. 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு டேனியர் கிளம்பிவிட்டார்கள்.

டேனியருக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு அதோடு முடியவில்லை. நாடாளுமன்றம் இருக்கும் கிறிஸ்தியான்ஸ்போர் மாளிகைக் கோபுரத்தில் ஏறக் கட்டணமில்லை. நகரத்திலேயே உயரமான கோபுரங்களில் ஒன்று, 106 மீட்டர். மின்தூக்கியில் போய், மேலிருந்து துறைமுகத்தையும் கால்வாய்களையும் சிவப்புக் கூரைகளையும் பார்க்கலாம். வானம் தெளிவாக இருந்தால் கடலுக்கு அப்பால் ஸ்வீடன் வரை தெரியும். ஆனால் தமிழர்கள் அந்தக் கட்டடத்தை வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருக்க வேண்டும். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்களுக்கு டென்மார்க் அடைக்கலம் கொடுத்தது; அகதியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் உரிமை கொடுத்திருந்தது. அப்போதைய நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன், 1987இல் அந்த விண்ணப்பங்களை மட்டும் கவனிக்காமல் கிடப்பில் போட வைத்தார். செய்தி வெளியே வந்து, விசாரணை நடந்து, அறிக்கை வெளியானபோது பிரதமர் பால் ஷ்லூட்டரின் அரசே 1993 ஜனவரியில் பதவி விலக நேர்ந்தது. அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள தனி நீதிமன்றம் 1995இல் கூடி, நின்-ஹான்சனுக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அது ஒத்திவைக்கப்பட்ட தண்டனை. தமிழர் வழக்கு என்ற பெயரிலேயே டேனியர்கள் அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். வாக்குரிமைகூட இல்லாத, மொழி தெரியாத அகதிகளுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைத் தடுத்ததற்காக ஓர் அரசு கவிழ்ந்தது என்பதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அநீதி நடந்தது உண்மை. அதை மூடி மறைக்க முடியாமல் போனதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நோரெப்ரோ பகுதியில் பலநாட்டு மளிகைக் கடைகள் உள்ளன. மாங்காய் ஊறுகாய் தேடித் துணைவியார் நுழைந்த கடையில் கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். எங்கள் பேச்சைக் கேட்டதும் நிமிர்ந்து, "மலேசியாவில இருந்தோ வாறியள்?" என்றார். பினாங்கு என்றதும் அவருடைய பெரியப்பா மலாயா ரயில்வேயில் எழுத்தராக இருந்ததைச் சொன்னார். நானும், "அண்ணே, நீங்கள் எந்த ஆண்டு இங்கே வந்தீர்கள்?" என்று கேட்டேன். "நான் எண்பத்தாறில வந்தனான். மனுசி பிள்ளையள் வந்து சேர மூண்டு வருசம் போச்சுது, தம்பி" என்றார். அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊறுகாய்க்குப் பணம் வாங்க மறுத்தார். துணைவியார் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பு நிறத்தில் கனமாக இருக்கும் ரை ரொட்டித் துண்டின் மேல் மீனோ இறைச்சியோ முட்டையோ அடுக்கித் தருவது அவர்களின் மதிய உணவு. வேகவைத்த புது உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து அடுக்கி, மேலே பொரித்த வெங்காயமும் பொடியாக நறுக்கிய பச்சைத் தழையும் தூவிய வகை, மாட்டிறைச்சி உண்ணாத எங்களுக்கு மிகவும் பொருந்தியது. ரொட்டியின் புளிப்பும் வெங்காயத்தின் மொறுமொறுப்பும் சேர்ந்து நல்ல சுவை. கையால் எடுத்துச் சாப்பிடுவதில்லை, கத்தியும் முள்ளும் கொண்டுதான். விலை அதிகம்தான். ஒரு கோப்பை காப்பிக்கு 40 குரோனருக்கு மேல், நம் கணக்கில் இருபத்தைந்து மலேசிய வெள்ளிக்குக் குறையாது. குழாய்த் தண்ணீர் மிக நன்றாக இருப்பதால் தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. பேரங்காடியில் ரொட்டியும் தயிரும் வாங்கி விடுதியிலேயே பசியாறிவிட்டுக் கிளம்பினால் செலவு பாதியாகும்.

சாலையைக் கடக்கும்போது சைக்கிள் பாதையில் கால் வைக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். நடைபாதைக்கும் காரோடும் பாதைக்கும் இடையே தனி உயரத்தில் அந்தப் பாதை ஓடுகிறது. காலை எட்டு மணிக்கு அதில் அலுவலகம் போகிறவர்களும், முன்பக்கப் பெட்டியில் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்த தாய்மார்களும் வேகமாகப் போவார்கள். நிற்கப் போகிறவர் கையை உயர்த்திக் காட்டுகிறார், திரும்புகிறவர் கையை நீட்டுகிறார். துறைமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் படகுப் பேருந்தில் மெட்ரோ பயணச்சீட்டே செல்லும். பட்டர்வொர்த் ஃபெரியில் வளர்ந்த எங்களுக்கு அதில் போவதுதான் மிகவும் பிடித்திருந்தது.

கடற்கன்னிச் சிலையைக் கடைசி நாள் காலையில் பார்த்தோம். எட்வர்ட் எரிக்சன் செய்து 1913இல் வைக்கப்பட்ட அந்தச் சிலை ஒன்றேகால் மீட்டர் உயரம்தான். 1964இலும் 1998இலும் அதன் தலையை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். முதல் முறை போன தலை கிடைக்காததால் புதிதாக ஒன்று செய்து பொருத்தினார்கள்; இரண்டாம் முறை போனது திரும்பக் கிடைத்தது. பார்த்துவிட்டு உடனே திரும்பாமல், பக்கத்திலேயே இருக்கும் காஸ்டெல்லட் கோட்டை மதிலின் மேல் நடந்து பாருங்கள். ஐந்து முனை நட்சத்திர வடிவத்தில் அகழி சூழ்ந்த கோட்டை. உள்ளே சிவப்புப் படைவீடுகள், மண்மதிலின் மேல் 1847ஆம் ஆண்டுக் காற்றாலை ஒன்று. இன்றும் இராணுவத்தின் வசமே இருக்கிறது, ஆனால் ஊரார் தாராளமாக உள்ளே வந்து ஓடிப் பயிற்சி செய்கிறார்கள். பினாங்கிலுள்ள நம் கார்ன்வாலிஸ் கோட்டையும் நட்சத்திர வடிவம்தான் என்று சொல்லி மகள் இரண்டின் வரைபடங்களையும் ஒப்பிட்டுக் காட்டினாள். ஒன்று தலைநகரைக் காக்கக் கட்டியது, மற்றொன்று வணிகத்தைக் காக்கக் கட்டியது. முனைகளை அமைக்கும் முறை மட்டும் ஒரே பாடத்திலிருந்து வந்தது.

கடைக்காரப் பெரியவர் சொல்லியிருந்த ஒன்றை எங்களால் நிறைவேற்ற முடியவில்லை. டென்மார்க்கில் தமிழர்கள் மிகுதியாக வாழ்வது தலைநகரில் அல்ல, மேற்கே யூட்லாந்தில். ஹெர்னிங் நகரில் சித்தி விநாயகர் கோயிலும், பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலும் இருக்கின்றன. கோபன்ஹேகனிலிருந்து ஹெர்னிங்குக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நீங்கள் போவதாக இருந்தால் திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டி, அங்கே ஓரிரவு தங்கும்படி சீட்டெடுங்கள். ரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவாகக் கிடைக்கும்.